மூன்று வழியில் பிரித்தாலும் எனக்கு 120 வருகிறது, அது நியாயம் இல்லையா?

வாசகர் கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு மென்பொருளைச் செய்து விற்கிறோம். ஒருவர் புரோகிராமர், நான் டிசைனர், மூன்றாமவர் மார்க்கெட்டிங் பார்ப்பவர். மாதம் 360 அலகு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடமாக ஆளுக்கு 120 எடுத்துக்கொள்கிறோம். இப்போது மற்ற இருவரும் இது சரியில்லை என்கிறார்கள். நானும் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தனித்தனியாக வேலை செய்தால் புரோகிராமருக்கு 90, எனக்கு 60, மார்க்கெட்டிங்காரருக்கு 30 வரும். அந்த விகிதத்தில் பிரித்தாலும் எனக்கு 120. அவரவர் தனி வருமானத்தை முதலில் கொடுத்துவிட்டு மீதி 180ஐ மூன்றாகப் பிரித்தாலும் எனக்கு 120தான். மூன்று வழியும் ஒரே எண்ணைச் சொல்கின்றன. ஆனால் நான் மூன்று மாதம் விடுப்பில் இருந்தபோது இருவருமாக மாதம் 270 எடுத்ததைக் காட்டி, பிரிந்து போய்விடுவோம் என்கிறார்கள். மார்க்கெட்டிங்காரர் சேர்வதற்கு முன்பு நானும் புரோகிராமரும் 180 எடுத்துக்கொண்டிருந்தோம். நானும் மார்க்கெட்டிங்காரரும் மட்டும் என்றால் 120 வரலாம், அது ஊகம்தான். சர்வர் செலவு மாதம் 60 தனி, அதையும் ஆளுக்கு 20 என்று பிரிக்கிறோம். தனியாக இருந்தால் எனக்கு 12க்குக் கிடைக்கும் சின்ன பிளான் போதும், மார்க்கெட்டிங்காரருக்கு 36 பிளான், புரோகிராமருக்குத்தான் 60 வேண்டும். நான் என்ன கேட்பது நியாயம்?

பதில்:

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கூட்டல் பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை, ஆனாலும் அந்த 120 நிற்காது. கசப்பானதை முதலிலேயே சொல்லிவிடுவது என் வழக்கம், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதே சமயம் அவர்களுடைய மிரட்டலும் அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிற அளவுக்குப் பெரிதில்லை, அதற்குக் கீழே வருகிறேன்.

மூன்று வழியும் ஒரே எண்ணைச் சொல்வதால் அதுதான் உண்மை என்று நம்பிவிட்டீர்கள். தனி வருமானங்களைப் பாருங்கள்: 90, 60, 30. இவற்றின் சராசரி 60, உங்களுடையதும் 60. சராசரியில் நிற்கிற ஆளுக்கு, சமமாகப் பிரித்தாலும், விகிதப்படி பிரித்தாலும், மீதியைச் சமமாகப் பிரித்தாலும் ஒரே தொகைதான் வந்து தீரும். மூன்று சாட்சிகள் வந்து ஒரே மாதிரிச் சொன்னதாக நினைத்தீர்கள், உண்மையில் வந்தது ஒரே சாட்சி, மூன்று முறை சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். மற்ற இருவருக்கும் இந்த மூன்று வழியும் வெவ்வேறு எண்களைத் தருவதைக் கவனித்தீர்களா? புரோகிராமருக்கு முறையே 120, 180, 150. மார்க்கெட்டிங்காரருக்கு 120, 60, 90.

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று இருக்கிறது. மூன்று வழியும் இரண்டே விஷயங்களைத்தான் பார்க்கின்றன: தனியாக நின்றால் எவ்வளவு, எல்லோரும் சேர்ந்தால் எவ்வளவு. இடையில் இருக்கும் ஜோடிகளை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் உங்கள் சண்டை முழுக்க ஜோடிகளைப் பற்றியது, 'நாங்கள் இருவரும் போய்விடுவோம்' என்பதுதானே அவர்கள் சொல்வது! பலர் சேர்ந்தும் மோதியும் முடிவெடுக்கிற நிலைமைகளைக் கணக்காகப் பார்க்கும் துறை ஆட்டக் கோட்பாடு, அதில் கூட்டுறவு ஆட்டங்கள் என்று ஒரு பிரிவே இதற்காக இருக்கிறது. 1944இல் ஜான் வான் நாய்மனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் எழுதிய பெரிய புத்தகத்திலேயே அதற்கு அடித்தளம் போட்டுவிட்டார்கள். சேரக்கூடிய ஒவ்வொரு கூட்டணிக்கும் எதிரே, அது தன்னந்தனியாக எவ்வளவு ஈட்டும் என்று ஓர் எண்ணை எழுது, பங்கைப் பற்றி அப்புறம் பேசலாம் என்பது அதன் முதல் படி. மூன்று பேர் என்றால் ஏழு எண்கள். உங்கள் கடிதத்தில் அந்த ஏழும் இருக்கின்றன, அதனால்தான் பதில் எழுத எனக்குச் சுலபமாக இருக்கிறது. பலர் பங்கு விகிதத்தோடு மட்டும் வருவார்கள், இந்த எண்களைக் கேட்டால் முழிப்பார்கள்.

சரி, முதல் சோதனை. ஒரு பங்கீட்டைப் போட்ட பிறகு, எந்தக் கூட்டணியாவது 'எங்களுக்கு நீங்கள் தருவதைவிட நாங்களே தனியாகப் போய் அதிகம் ஈட்டுவோம்' என்று சொல்ல முடிகிறதா? அப்படி யாரும் சொல்ல முடியாத பங்கீடுகளின் தொகுப்புக்கு கோர் என்று பெயர், 1950களில் டொனால்ட் கில்லிஸும் லாயிட் ஷேப்லியும் இதை உருவாக்கினார்கள். உங்கள் சமப் பங்கீட்டில் மற்ற இருவருக்கும் சேர்த்துக் கிடைப்பது 240. போனால் 270. ஆக அவர்கள் சொல்வதில் பொருள் இருக்கிறது, வெறும் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அவர்களுக்கு 270 போனால் 360இல் மிஞ்சுவது 90. உங்கள் பங்கின் மேல் எல்லை அதுதான். கீழ் எல்லை 60, அதற்குக் கீழே தந்தால் நீங்கள் எழுந்து போய்விடலாம். 60க்கும் 90க்கும் நடுவில் எங்கோ உங்கள் எண் இருக்கிறது. 120 அந்த வேலிக்கு வெளியே.

கோர் நல்ல வேலி, ஆனால் அதையே நியாயம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் கையுறை உதாரணம் ஒன்று உண்டு. இரண்டு பேரிடம் ஆளுக்கொரு இடது கையுறை, ஒருவரிடம் ஒரே ஒரு வலது கையுறை. ஜோடியாகத்தான் விற்க முடியும். கோர் என்ன சொல்கிறது தெரியுமா? விற்ற பணம் முழுவதும் வலது கையுறைக்காரருக்கே, மற்ற இருவருக்கும் பூஜ்ஜியம். ஏனென்றால் இடது கையுறைக்காரர் ஒருவர் ஏதாவது கேட்டால் இன்னொருவர் அதைவிடக் குறைத்துக் கேட்பார், அவர் கேட்டதற்கும் குறைவாக இவர் கேட்பார், கடைசியில் ஒன்றுமே மிஞ்சாது. யார் யாரை மிரட்ட முடியும் என்பதைக் கோர் துல்லியமாகச் சொல்லும், மிரட்டுவது தகுமா என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. சில ஆட்டங்களில் கோர் காலியாகவே இருக்கும், எப்படிப் பிரித்தாலும் யாராவது ஒரு கூட்டணி எழுந்து போகும். உங்கள் ஆட்டத்தில் அந்தத் தொல்லை இல்லை.

இன்னொரு வாதத்தையும் இங்கேயே முடித்துவிடலாம், ஏனென்றால் அடுத்த கூட்டத்தில் யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: 'நான் இல்லாவிட்டால் எவ்வளவு குறையுமோ அதை எனக்குக் கொடு.' கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. புரோகிராமர் இல்லாவிட்டால் 360 என்பது 120 ஆகிவிடும், அவர் 240 கேட்பார். மார்க்கெட்டிங்காரர் இல்லாவிட்டால் 180, அவரும் 180 கேட்பார். நீங்கள் 90. மூன்றையும் கூட்டுங்கள்: 510. இருப்பதோ 360. கடைசியாக வந்து சேர்ந்தவர் நான்தான் என்று மூவரும் ஒரே நேரத்தில் நினைத்துக்கொள்வதால் வரும் குழப்பம் இது.

இந்த இடத்தில்தான் ஷேப்லி 1953இல் வெளியிட்ட கட்டுரை கை கொடுக்கிறது. யார் கடைசி என்பதுதானே தகராறு? எல்லோரையும் எல்லா இடத்திலும் நிறுத்திப் பார்த்துவிடலாம். மூவரும் ஒரு காலி அறைக்குள் ஒருவர் பின் ஒருவராக நுழைகிறீர்கள். நுழையும்போது உள்ளே இருப்பவர்களின் வருமானம் எவ்வளவு கூடுகிறதோ அது நுழைந்தவருக்கு. மூன்று பேருக்கு ஆறு வரிசைகள், ஆறையும் போட்டுச் சராசரி எடுத்தால் அதுதான் ஷேப்லி மதிப்பு.

உங்களுக்கு மட்டும் போட்டுக் காட்டுகிறேன், மற்ற இருவருக்கும் நீங்களே போட்டுப் பாருங்கள், ஒரு முறை கையால் போட்டால்தான் கூட்டத்தில் தடுமாறாமல் பேச வரும். நீங்கள் முதலில் நுழையும் வரிசைகள் இரண்டு, இரண்டிலும் உங்களுக்கு 60. புரோகிராமர் மட்டும் உள்ளே இருக்கும்போது நுழைந்தால் 90 என்பது 180 ஆகிறது, உங்களால் கூடியது 90. மார்க்கெட்டிங்காரர் மட்டும் இருக்கும்போது நுழைந்தால் 30 என்பது 120 ஆகிறது, அதிலும் 90. கடைசியாக நுழையும் வரிசைகள் இரண்டு, 270 என்பது 360 ஆகிறது, இரண்டிலும் 90. ஆறையும் கூட்டினால் 480, ஆறால் வகுத்தால் 80. இதே மாதிரி புரோகிராமருக்கு 170, மார்க்கெட்டிங்காரருக்கு 110. மூன்றும் சேர்ந்து 360, ஒரு அலகுகூட மிச்சமில்லை, பற்றாக்குறையும் இல்லை.

தனியாக 30தான் ஈட்டக்கூடிய மார்க்கெட்டிங்காரர் உங்களைவிட அதிகம் வாங்குகிறார் என்பது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். அவர் தனியாக நின்றால் விற்பதற்குச் சரக்கே இல்லை, அதனால் 30. புரோகிராமரோடு சேர்ந்தால் 90 என்பது 270 ஆகிறது, ஒரேயடியாக 180 கூடுகிறது. நீங்கள் அதே இடத்தில் சேர்ந்தால் கூடுவது 90. தனி வருமானத்தை மட்டும் வைத்து ஆளை எடை போட்டால் இப்படிப்பட்டவர்கள் எப்போதுமே குறைவாகத்தான் தெரிவார்கள்.

வரிசையில் நிற்க வைப்பதெல்லாம் ஏதோ விளையாட்டு மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் ஷேப்லி வரிசையை வைத்து ஆரம்பிக்கவில்லை. ஒரு பங்கீட்டு விதிக்கு இருக்க வேண்டிய குணங்களை அவர் வைத்தார்: வருமானம் முழுவதும் பங்கிடப்பட வேண்டும், எந்தக் கூட்டணியில் வைத்தாலும் ஒரே அளவு உதவுகிற இருவருக்கு ஒரே பங்கு, எங்கே சேர்ந்தாலும் எதையும் கூட்டாதவருக்கு ஒன்றுமில்லை, இரண்டு தனித்தனிக் கணக்குகளைச் சேர்த்துப் போட்டாலும் தனித்தனியாகப் போட்டுக் கூட்டினாலும் விடை ஒன்றாகவே வர வேண்டும். இவ்வளவையும் நிறைவு செய்கிற விதி ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும் என்று நிரூபித்தார், அந்த ஒன்றுதான் மேலே நாம் போட்ட சராசரி. கூட்டத்தில் யாராவது 'இந்தச் சூத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை' என்றால், இந்த நான்கில் எதை விட்டுவிடலாம் என்கிறீர்கள் என்று கேளுங்கள். அதோடு சத்தம் பாதியாகக் குறையும். (ஷேப்லிக்கு 2012இல் ஆல்வின் ராத்துடன் சேர்ந்து பொருளாதார நோபல் கிடைத்தது. அது இந்தச் சூத்திரத்துக்காகத்தான் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், ஆனால் பரிசு கொடுத்தது நிலைத்து நிற்கும் ஜோடி சேர்ப்புகள் பற்றிய வேலைக்கும் சந்தை வடிவமைப்புக்கும்.)

ஒரு நடைமுறை லாபமும் உண்டு. உங்கள் உழைப்பால் எந்தக் கூட்டணியில் வைத்தாலும் நீங்கள் கூட்டித் தருவது குறையாமல் இருந்தால், ஷேப்லி விதியில் உங்கள் பங்கு ஒருபோதும் குறையாது. இந்த ஒரு குணத்தையே அடிப்படையாக வைத்து, சமச்சீரும் (ஒரே அளவு உதவுகிறவர்களுக்கு ஒரே பங்கு) முழுப் பங்கீடும் சேர்ந்தால் ஷேப்லி மதிப்புதான் வரும் என்று பெய்டன் யங் 1985இல் காட்டினார். வேலை கூடினால் பங்கு குறையாது என்ற உறுதி இல்லாத இடத்தில் யார்தான் மாய்ந்து மாய்ந்து வேலை செய்வார்கள்?

போட்டிக்கு இன்னொரு விதியும் இருக்கிறது, நியூக்ளியோலஸ், டேவிட் ஷ்மைட்லர் 1969இல் கொடுத்தது. எந்தக் கூட்டணிக்கு மனக்குறை மிக அதிகமோ அதன் குறையை முடிந்தவரை குறை, அப்புறம் அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது, இதுதான் அதன் வழி. உங்கள் எண்களுக்கு அது தருவது புரோகிராமருக்கு 172.5, உங்களுக்கு 75, மார்க்கெட்டிங்காரருக்கு 112.5. ஷேப்லியிலிருந்து ரொம்பத் தூரமில்லை. இதில் எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. யூதர்களின் தால்முத் நூலில், இறந்துபோன ஒருவரின் சொத்தின் மீது 100, 200, 300 என்று மூன்று உரிமைகள் இருக்கும்போது, சொத்து 100 என்றால் சமமாகவும், 300 என்றால் 50, 100, 150 என்று விகிதப்படியும், 200 என்றால் 50, 75, 75 என்றும் பிரிக்கச் சொல்லியிருக்கிறது. இந்த மூன்றுக்கும் பொதுவான விதி என்ன என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1985இல் ராபர்ட் ஆமனும் மைக்கேல் மாஷ்லரும் இந்த மூன்றும் நியூக்ளியோலஸேதான் என்று காட்டினார்கள். அழகான விதி, மறுக்கவில்லை. ஆனாலும் உங்களுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மொத்த வருமானம் கூடியும் ஒருவருடைய பங்கு குறைந்துபோகலாம் என்கிற வினோதம் அதற்கு உண்டு, நிம்ரோட் மெகிட்டோ 1974இலேயே இதைக் காட்டிவிட்டார். வளர்ந்துகொண்டிருக்கிற தொழிலில் அந்த வம்பு நமக்கு எதற்கு?

இப்போது சர்வர் செலவுக்கு வருவோம். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் நீங்கள் குரலை உயர்த்திப் பேச வேண்டிய இடமே அதுதான். தனியாக இருந்தால் 12இல் முடிகிற செலவுக்கு நீங்கள் இரண்டு வருடமாக 20 கட்டிவருகிறீர்கள்! சேர்ந்ததால் செலவு கூடுவதா? வருமானத்தில் அவர்கள் கோர் பேசினால், செலவில் நீங்கள் கோர் பேசலாம்.

இந்தக் கணக்குக்கு விமான ஓடுபாதைக் கணக்கு என்றே பெயர். சின்ன விமானத்துக்குச் சின்ன ஓடுபாதை போதும், பெரிய விமானத்துக்கு நீளம் வேண்டும், செலவை எப்படிப் பிரிப்பது? லிட்டில்சைல்டும் ஓவனும் 1973இல் இந்த மாதிரிச் செலவுகளுக்கு ஷேப்லி மதிப்பு மிக எளிமையாகிவிடும் என்று காட்டினார்கள். ஓடுபாதையைத் துண்டு துண்டாகப் பாருங்கள், ஒவ்வொரு துண்டையும் யார் யாருக்குத் தேவையோ அவர்கள் மட்டும் சமமாகப் பிரித்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான். உங்கள் சர்வரில் முதல் 12 மூவருக்கும் தேவை, ஆளுக்கு 4. 12லிருந்து 36 வரை உள்ள 24 மற்ற இருவருக்கும் மட்டும் தேவை, ஆளுக்கு 12. மீதி 24 புரோகிராமருக்கு மட்டும். ஆக உங்களுக்கு 4, மார்க்கெட்டிங்காரருக்கு 16, புரோகிராமருக்கு 40. இதை விளக்க ஒரு துண்டுத் தாள் போதும், ஆட்டக் கோட்பாடு என்ற பெயரைக்கூட எடுக்க வேண்டாம்.

வருமானத்தையும் செலவையும் தனித்தனியாகப் போட்டுப் பிறகு கழிக்கலாமா என்றால், தாராளமாக. ஷேப்லி வைத்த நான்கு குணங்களில் கடைசியானது அதற்குத்தான். கழித்தால் கையில் நிற்பது உங்களுக்கு 76, மார்க்கெட்டிங்காரருக்கு 94, புரோகிராமருக்கு 130. இப்போது நீங்கள் வாங்குவது 120இல் 20 போக 100. 120லிருந்து 80க்கு 40 விழுகிறதே என்று பயந்திருப்பீர்கள், உண்மையில் விழுவது 24.

அவர்களுடைய மிரட்டலையும் இதே தராசில் வையுங்கள். 270க்குப் போகிறோம் என்கிறார்கள், ஆனால் போகிறவர்களில் புரோகிராமரும் ஒருவர், பெரிய பிளான் வேண்டியவர் அவர்தான். அதனால் 60 முழுவதும் அவர்கள் தலையில் விழும். கையில் நிற்பது 210. இப்போது இருவருமாக எடுப்பது 200. ஆக உங்களை விட்டுப் போவதால் அவர்களுக்குக் கிடைக்கும் கூடுதல் மாதம் 10, ஆளுக்கு 5. இதற்காக ஓடுகிற தொழிலைப் பிரித்து, புது ஒப்பந்தம் எழுதி, வாடிக்கையாளர்களிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார்களா? எனக்குச் சந்தேகம்தான். செலவை மறந்துவிட்டுப் பேசுவதால் 30 என்று தோன்றுகிறது.

அந்த 270ஐயும் அப்படியே ஒத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் விடுப்பில் இருந்த மூன்று மாதமும் அவர்கள் விற்றது எதை? நீங்கள் அதற்கு முன்பு செய்துவைத்த திரைகளையும் வடிவங்களையும்தானே. ஆள் இல்லாமல் இருப்பது வேறு, ஆளின் வேலையே இல்லாமல் இருப்பது வேறு. மூன்று மாதம் ஓடியது மூன்று வருடம் ஓடுமா என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த எண் 270 இல்லை, 240தான் என்று மூவரும் ஒத்துக்கொண்டால் உங்கள் ஷேப்லி பங்கு 80லிருந்து 90 ஆகிறது, மேல் எல்லை 90லிருந்து 120 ஆகிறது. ஒரு ஜோடியின் எண்ணில் 30 குறைந்தால் வெளியே நிற்பவருக்கு 10 கூடும், உள்ளே இருக்கும் இருவருக்கும் ஆளுக்கு 5 குறையும். மூன்று பேர் ஆட்டத்தில் எந்த ஜோடியை எடுத்தாலும் இதே மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று கணக்குதான்.

அதே மாதிரி உங்களுக்கும் புரோகிராமருக்குமான 180 பழைய கணக்கு, மென்பொருள் அப்போது இன்றைய அளவுக்கு வளர்ந்திருக்காது. இன்று இருவர் மட்டும் விற்றால் 210 வரும் என்று நிறுவ முடிந்தால் உங்களுக்கு 5 கூடும், புரோகிராமருக்கும் 5 கூடும், அதனால் அவரும் அதில் உங்கள் பக்கம் பேசுவார். 120 என்ற ஊகத்தை மட்டும் அதிகம் கிளறாதீர்கள், அதில் ஆதாரம் எதுவும் இல்லை, ஆதாரம் இல்லாத இடத்தில் சத்தமாகப் பேசுபவர்தான் ஜெயிப்பார். சண்டை போடுவதானால் ஏழு எண்களைப் பற்றிப் போடுங்கள். பழைய பில்களையும் விடுப்பு மாதங்களின் கணக்கையும் எடுத்து மேசையில் வைத்துப் பேசலாம். பங்கு எவ்வளவு என்று ஆரம்பித்தால் யார் யாருக்கு எவ்வளவு நன்றி காட்டினார்கள் என்பதில் போய் முடியும்.

ஷேப்லியில் எனக்கே ஒரு மனத்தாங்கல் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. யார் எவ்வளவு கூட்டித் தருகிறார் என்பதை மட்டுமே அது பார்க்கும். அந்தக் கூட்டல் உழைப்பால் வந்ததா, அதிர்ஷ்டத்தால் வந்ததா, ஆரம்பத்தில் ஒன்றுமே வராத மாதங்களில் யார் சம்பளம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள், இதெல்லாம் அதற்குத் தெரியாது. ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் அந்த மாதம் அவர் எதையும் கூட்டவில்லை என்று பூஜ்ஜியம் போட்டுவிடும். மூன்று பேர் ஒன்றாக இருக்கிற இடத்தில் அப்படி நடந்துகொள்ள முடியுமா? அதனால் பாதிக்குப் பாதி என்று ஒரு வழியை நான் பலருக்குச் சொல்வது உண்டு: நிகர வருமானத்தில் ஒரு பாதியைச் சமமாகப் பிரியுங்கள், மறு பாதியை ஷேப்லிப்படி பிரியுங்கள். உங்களுக்குப் போட்டுப் பார்த்தால் புரோகிராமருக்கு 115, மார்க்கெட்டிங்காரருக்கு 97, உங்களுக்கு 88. அவர்கள் இருவருக்கும் சேர்த்து 212, வெளியே போனால் 210தான். ஆக மிரட்டலுக்கு இடமே இல்லாமல் போகிறது. எப்போதும் இவ்வளவு வசதியாக அமையாது, சமப் பங்கைக் கலக்கும்போது வேலிக்கு வெளியே போய்விடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். உங்கள் எண்களில் பாதிக்கு மேல் கொஞ்சம் கூட்டினாலே எல்லை வந்துவிடும், நிகரத்தில் உங்களுக்கு மேல் எல்லை 90.

ஆக நேராகச் சொல்கிறேன். கூட்டத்தில் 100ஐப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். 88 கேளுங்கள், அதற்கு மேல் பேச வேண்டுமானால் 270 என்ற எண்ணைப் பேசுங்கள், 76க்குக் கீழே போகச் சம்மதிக்காதீர்கள். சர்வர் செலவுப் பங்கீட்டை முதலில் எடுங்கள். அதில் உங்கள் பக்கம் தெளிவாக இருக்கிறது, கணக்கும் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் ஒருமுறை இந்த முறைக்குத் தலையாட்டிவிட்டால் வருமானத்துக்கு மட்டும் வேறு முறை வேண்டும் என்று அவர்களால் கேட்க முடியாது. இந்தத் தந்திரத்தை நான் வெளியே சொல்லக் கூடாது, பரவாயில்லை.

ஒப்பந்தத்தில் எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். லாபப் பங்கின் விகிதத்தை அப்படியே ஓட்டு விகிதமாக எழுதிவிடுவார்கள், அது இரண்டும் ஒன்றல்ல. உங்கள் மூவரில் யாருக்கும் பாதியோ அதற்கு மேலோ ஓட்டு இல்லாதவரை, எந்த இருவர் சேர்ந்தாலும் முடிவெடுத்துவிடலாம், ஆக மூவருக்கும் அதிகாரம் சமம், ஓட்டு 47க்கு 31க்கு 22 என்று இருந்தாலும் சரி. ஒருவர் 51ஐத் தொட்டுவிட்டால் மற்ற இருவருடைய ஓட்டுக்கும் மதிப்பே இல்லை. ஷேப்லியும் மார்ட்டின் ஷூபிக்கும் 1954இல் இதே வரிசைக் கணக்கை ஓட்டுக்குப் போட்டார்கள். ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்துக்கு இன்று அதைப் போட்டால், நிரந்தர உறுப்பினர்கள் ஐவரிடம் மட்டும் 98 சதவீத அதிகாரம் இருக்கிறது, மற்ற பத்துப் பேருக்கும் சேர்த்து இரண்டு சதவீதம்கூட வராது. புரோகிராமர் 'எனக்கு 51 மட்டும் கொடுங்கள், மற்றதை நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்' என்று தாராளமாகப் பேசினால் உஷாராகிவிடுங்கள்.

நான்காவது ஆளைச் சேர்க்கும் யோசனை இருந்தால் சேர்ப்பதற்கு முன்பே இந்தக் கணக்கை முடித்துவிடுங்கள். ஏழு எண்கள் பதினைந்தாகும், ஆறு வரிசைகள் இருபத்து நான்காகும், அதுவரை கையாலேயே போடலாம். பத்துப் பேர் என்றால் 1,023 கூட்டணிகள், 36,28,800 வரிசைகள். அப்போது கணினியைக் கொண்டு சில ஆயிரம் வரிசைகளைக் குலுக்கி எடுத்துச் சராசரி பார்த்தால் போதும், உங்களிடம்தான் புரோகிராமர் இருக்கிறாரே. வருடத்துக்கு ஒரு முறை எண்களைப் புதுப்பிப்போம் என்றும் ஒரு வரி எழுதிவிடுங்கள், அடுத்த முறை விடுப்பில் போகப்போவது அவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.